நாற்பது அடிக் கரிசல்

"இறங்கக் கூடாத தரை இறங்கிக்கிட்டே போகுது, தாயி. இறங்க வேண்டிய மக மனசு இறங்கமாட்டேங்குது. நான் என்னதான் செய்ய?"

ரைஸ்மில் ஆவுடையப்பன் இப்படிக் கேட்டபோது பேராச்சி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுல எது முக்கியம், அண்ணாச்சி?"

"மகதான்."

"அப்பம் தரையப் பாப்போம்" என்றாள்.

*

பேராச்சி பன்னிரண்டு வருஷம் ரோட்டு வேலையில் ஜல்லி சுமந்தவள். ஒருநாள் தலையிலிருந்த சட்டியை இறக்கிவைத்துவிட்டு, கண்மாய்க் கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டாள். காவி கிடையாது, உருத்திராட்சக் கொட்டை கிடையாது. விபூதிகூடக் கொடுக்கமாட்டாள். ஆனாலும் சனங்கள் வந்து எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தோன்றினால் பதில் சொல்வாள். இல்லையென்றால் கையில் இருக்கிற வேலையைப் பார்ப்பாள்.

ஆவுடையப்பனுக்கு அறுபத்துமூன்று வயது. அவளைவிட இருபது வயது மூத்தவர். நாலு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து, நான் உங்கள் சீடன் என்று தானாகவே சொல்லிக்கொண்டார். அவள் ஆமாம் என்றதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. மனுஷன் அதிலேயே திருப்திப்பட்டுக்கொண்டார்.

அவருக்கு ஒரே மகள், சுபாஷினி. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது வயிற்றில் ஆறு மாசம். வைகாசி பத்தொன்பதாம் தேதி தாய்வீட்டில் வளைகாப்பு என்று ஆவுடையப்பன் ஜோசியரிடம் நாள் குறித்துவிட்டு, மகளுக்குப் போன் போட்டார்.

"கேட் வரைக்கும் வாரேன்பா. உள்ள வாறத அப்பம் பாப்போம்" என்றாள் மகள்.

அந்தப் பேச்சு அவரை அறுத்துக்கொண்டே இருந்தது. கேட்டிலிருந்து வாசற்படி வரை நாற்பது அடி. சுத்தக் கரிசல். ஒரு மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். பிள்ளைத்தாய்ச்சி இதில் எப்படி நடப்பாள், அதனால்தான் அப்படிச் சொல்கிறாள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். தனக்குச் சௌகரியமான காரணம் கிடைத்துவிட்டால் அதற்குமேல் யோசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

கார் நேரே வாசற்படிக்குப் போய் நிற்கிற மாதிரி பேவர் பிளாக் கல் பதித்தார்.

*

"மொதல்ல அறுபது எம்.எம். கல்லு போட்டேன், தாயி. தண்ணி லாரி ஒருதரம்தான் உள்ள வந்துச்சு. கேட்டுப் பக்கம் உள்வாங்கிருச்சு. அத எடுத்துட்டு எண்பது எம்.எம். போட்டேன். நேத்து கோட மழை. மறுபடியும் அதே எடம். அடுத்தாப்ல நூறு எம்.எம். போடட்டுமா?"

பேராச்சி எழுந்து மடியை உதறினாள்.

"வாங்க. பாப்போம்."

அவள் அவர் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை. கேட்டிலேயே நின்று ஒரு குடம் தண்ணீர் கேட்டாள். ஆவுடையப்பன் மனைவி வடிவு கொண்டுவந்து கொடுத்தாள்.

பேராச்சி அதைக் கல்லின்மேல் ஊற்றினாள்.

தண்ணீர் சந்துக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒரு கல்லின் ஓரத்தில் குமிழி வந்தது. அவள் அதைக் கால் பெருவிரலால் அழுத்தினாள். கல் ஆடியது.

"கல்லுக்கு அடியில என்ன?"

"மணல். ரெண்டு இஞ்சு."

"மணலுக்கு அடியில?"

"மண்ணுதான்."

"அந்த மண்ண என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. அதுக்கெல்லாம் எங்க தாயி நேரம்? தேதி குறிச்சாச்சுல்லா."

"தேதி குறிச்சவரு மண்ணக் கேட்டாரா?"

ஆவுடையப்பன் குனிந்து, ஆடிய கல்லைக் கையால் அமுக்கிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் எடுங்க" என்றாள்.

"புதுக் கல்லு, தாயி."

"நல்ல கல்லுதான். கல்ல யாரு குத்தம் சொன்னா?"

"எவ்வளவு தோண்டணும்?"

"கெட்டி வாற வரைக்கும்."

"அது எத்தன அடில வரும்?"

"தோண்டுனாத் தெரியும். ஆள் வச்சுக்கிடுங்க. கேட்டுப் பக்கம் நாலடி மட்டும் நீங்க தோண்டுங்க."

"நானா?"

வடிவு பின்கட்டுக்குப் போனாள். கடப்பாரையோடு வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

*

இரண்டு ஆட்கள் வாசற்படியிலிருந்து தோண்டிக்கொண்டு வந்தார்கள். ஆவுடையப்பன் கேட்டிலிருந்து தோண்டினார். மில்லில் நாற்பது வருஷம் ஆட்களை ஏவிய கை. சாயங்காலத்துக்குள் நாலு இடத்தில் கொப்புளம்.

பேராச்சி வந்து குழி ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"மகள எப்படி அழைச்சீங்க, அண்ணாச்சி?"

"போன்ல."

"வளைகாப்புக்குப் போன்லயா அழைப்பாங்க?"

"எம் மகதானே."

"மருமகன?"

"கூடத்தான் வருவாரு."

"யாரு?"

"அவருதான்."

"அவருக்குப் பேரு இல்லையா?"

ஆவுடையப்பன் நாலு வெட்டு வெட்டினார்.

"இருக்கு" என்றார். சொல்லவில்லை.

சம்பந்தி வீட்டுக்கு நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்துக் கொடுத்து, பிள்ளையை அனுப்பிவையுங்கள் என்று கேட்க வேண்டும். அதுதான் முறை. ஆவுடையப்பனுக்குத் தெரியாத விஷயமா? ஊரில் எந்த வீட்டு விசேஷத்திலாவது இதில் ஒரு சின்னக் குறை வந்தால் முதலில் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருக்கிற ஆளே அவர்தான்.

*

மறுநாள் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே, குழியை நிரப்பச் சரள் லோடு வந்து இறங்கியது.

"ரெண்டடியிலயே கெட்டிச் சுக்கான்பாறை தட்டிருச்சு, தாயி. நெரப்பிரலாமா?"

பேராச்சி குழிக்குள் இறங்கினாள். கடப்பாரையைத் தூக்கி வாசற்படிப் பக்கம் போட்டாள். டங்கென்று சத்தம் கேட்டது. நடுவில் போட்டாள். அங்கேயும் டங்.

கேட்டுப் பக்கம் வந்து, அவர் தோண்டிய நாலடியில் போட்டாள். சத்தமே இல்லை. கடப்பாரை ஒரு முழம் உள்ளே போய் நின்றுகொண்டது.

"இங்க?"

"மழ ஈரமா இருக்கும்."

"மழ அந்தப் பக்கம் பெய்யலியா?"

ஆவுடையப்பன் வாசற்படிப் பக்கம் பார்த்தார். அங்கே தரை வெள்ளையாக, காய்ந்து கிடந்தது.

"சரள ரெண்டு இஞ்சு கூடத் தட்டிப் போட்டா நிக்காதா, தாயி?"

"கல்லு போட்டு மூடுனா வெளிய தெரியாது" என்றாள் பேராச்சி. "அதுதானே வேணும்னா மூடிருங்க."

அவள் போய்விட்டாள். கூலி ஆட்கள் மண்வெட்டியோடு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாளைக்கு வாங்கப்பா" என்றார்.

*

மூன்றாம் நாள் காலையில் குழிக்குள் ஒரு சாண் தண்ணீர் நின்றது. முந்தின இரண்டு நாளும் ஒரு சொட்டு மழை கிடையாது.

ஆவுடையப்பன் வாளியால் இறைத்தார். மறுபடியும் ஊறியது. மறுபடியும் இறைத்தார். பேராச்சி வந்தபோது அவர் முழங்கால் வரை சேற்றில் நின்றார்.

"எங்கருந்து வருது?" என்றாள்.

அவர் குனிந்து, தண்ணீர் வருகிற வழியைக் கையால் தடவினார். கரைச் சேற்றில் விரல் புகுந்தது. மணிக்கட்டு புகுந்தது. அந்த வழி கேட் தூணுக்கு அடியால் தெருவுக்குப் போனது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கேட்டை ஒட்டித் தெருக்குழாய் நின்றது.

குழாய் மண்ணுக்குள்ளே ஒழுகியிருக்கிறது. எத்தனை வருஷமோ.

"கொழாய நீங்க பாத்ததே இல்லையா, அண்ணாச்சி?"

"பாத்திருக்கேன்."

அதற்குப் பிறகு அவர் இறைக்கவில்லை. குழி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருக்குழாயைப் பார்த்தபடியே பேசினார்.

"ஆறு வருசத்துக்கு முன்னால, இதே சித்திரை. பையனோட அப்பா வந்தாரு. இருளப்பன்னு பேரு. கல்யாணத்தப் பத்திப் பேசணும்னாரு. நான் கேட்டத் தெறக்கல. இந்தா, இந்த எடத்துக்கு வெளியதான் நின்னாரு. ரெண்டு மணி வெயில். என் வாய்க்கு வந்ததெல்லாம் பேசுனேன். அவரு ஒண்ணும் பேசல. போறப்பம் குடிக்கத் தண்ணி கேட்டாரு."

"குடுத்தீங்களா?"

"தெருக்கொழாய் இருக்குல்லா, அங்க குடிங்கன்னேன்."

"குடிச்சாரா?"

"குடிச்சாரு. குனிஞ்சு, கைய ஏந்தி. எம் மக மாடில நின்னு பாத்துக்கிட்டிருந்தா."

அவர் அழுதார். ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது. கூலி ஆட்கள் பீடி பற்றவைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சரள எப்பம் நெரப்பட்டும், தாயி?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஜல்லி சுமந்தவ" என்று சொல்லிவிட்டுப் பேராச்சி எழுந்து நடந்தாள்.

*

குழாயைச் சரி செய்ய மறுநாள் ஆள் வந்தான். ஆவுடையப்பன் அவனை வடிவிடம் ஒப்படைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"வைகாசி பத்தொம்பதுக்குள்ள தரை ஆயிருமா?" என்று வடிவு கேட்டாள்.

"ஆகாது."

"அப்பம் தேதி?"

"போனாப் போகுது. வேற தேதி பாப்போம்."

அவள் உள்ளே போய்ப் பித்தளைத் தட்டை எடுத்துவந்தாள். பளபளவென்று துலக்கியிருந்தது. எப்போது துலக்கி வைத்தாய் என்று அவர் கேட்கவில்லை.

சம்பந்தி ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் வழி கேட்டார்.

"விமல்ராஜ் வீடு எது?"

"எந்த விமல்ராஜ்? ஊர்ல ரெண்டு பேர் இருக்காங்க."

"எம் மருமகன் விமல்ராஜ்."

டீக்கடைக்காரருக்கு அது போதவில்லை.

"யாரு மகன்னு சொல்லுங்கய்யா."

"இருளப்பன் மகன்" என்றார் ஆவுடையப்பன்.

"அப்படிச் சொல்லுங்க. மூணாவது தெரு, கடைசி வீடு."

இருளப்பன் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். யார் என்று தெரிந்தது. பம்ப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு வார்த்தையும் ஆவுடையப்பனுக்கு வாயில் வரவில்லை. தெருவிலேயே நின்றார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும்" என்றார்.

இருளப்பன் அவரைப் பார்த்தார். பம்ப்பைச் சுவரில் சாத்தினார். உள்ளே போனார்.

வெகுநேரம் வரவில்லை.

மணி இரண்டு. வெயில் மண்டையில் இறங்கியது. பத்தடி தள்ளி ஒரு தெருக்குழாய் நின்றது. எதிர்வீட்டில் இரண்டு பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று அவருக்கு ஒரு தடவை தோன்றியது. கையில் தட்டு கனத்தது. அவர் அசையவில்லை.

இருளப்பன் செம்பு நிறையத் தண்ணீரோடு வெளியே வந்தார். உடனே நீட்டவில்லை.

"தரை போடுதீங்களாம். மருமக சொன்னா. முடிஞ்சுதா?"

"இல்ல. நீங்க நின்ன எடம் இன்னும் காயல. தோண்டிப் போட்டிருக்கேன்."

இருளப்பன் வாசலை விட்டுத் தெருவுக்கு இறங்கி வந்தார். செம்பை அவர் கையில் கொடுத்தார்.

வீட்டுக்குள் திரும்பிச் சொன்னார்:

"சுபா, இன்னொரு எல போடச் சொல்லு."