கரி குடித்த மருந்து

"மருந்து போடுதேன் டீச்சர். மீன் சாவுது. ஏன்னு சொல்லுங்க."

வந்ததும் வராததுமாகத் தவமணி கேட்டார். முகத்து வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

பிலோமினா டீச்சர் தொட்டியின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டு, தூத்துக்குடியில் கடலோரமாகக் கொட்டகை போட்டுக் கடல் மீன் வளர்க்கிறார். தவமணியைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் மீன் விஷயத்தில் தவமணி அவரை விட்டு வேறு யாரிடமும் போக மாட்டார்.

தவமணிக்கு ஊருக்குள் மருந்துக் கடை. மருந்துக் கடைக்காரன் கையால் மீன் சாவதைவிடப் பெரிய அவமானம் உலகத்தில் இல்லை என்று அவர் நம்பினார்.

"எந்த மீன் அண்ணாச்சி?"

"எல்லா மீனும்தான். புது மீன் வாங்கினா நீங்க சொன்ன மாதிரியே பெரிய தொட்டியில விடுறதில்ல. தனித் தொட்டியிலதான் வைக்கேன். நோய் எதுவும் இருந்தா அங்கேயே தீரட்டும்னு மருந்து போடுதேன். நல்லா தேறி வருது. தேறி வாரப்ப பொசுக்குன்னு செத்துப்போவுது."

"இப்ப தொட்டியில என்ன இருக்கு?"

"ஒரு ஏஞ்சல் மீன். நீலமும் மஞ்சளுமா வரி போட்டு, ராணி மாதிரி திரும்பிப் பாக்கும். இதுவும் போச்சுன்னா, இனி உயிருள்ளது எதையும் இந்த வீட்டு வாசப்படி ஏத்தாதீங்கன்னு சுகிர்தம் சொல்லிட்டா."

சுகிர்தம் அவர் மனைவி. அவள் சொன்னதைச் சொல்லிவிட்டுத் தவமணி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். மனுஷன் பெருமைக்காக மீன் வளர்க்கவில்லை. அந்த மீன்மேல் அவருக்கு உண்மையிலேயே உயிர்.

டீச்சர் தேய்ப்பதை நிறுத்தினார்.

"எனக்குக் காய்ச்சல். உங்க கடைக்கு வந்திருக்கேன்."

"அய்யய்யோ, எப்ப இருந்து?"

"வந்திருக்கேன்னு வச்சுக்கிடுங்க."

தவமணியின் கை தானாக எழுந்தது. இல்லாத கத்தரிக்கோலால் இல்லாத மாத்திரை அட்டையைத் துண்டு போட்டது.

"காய்ச்சலுக்கு ஒண்ணு. உடம்பு வலிக்கு ஒண்ணு. சளி பிடிச்சுரக் கூடாதுல்லா, அதுக்கு ஒண்ணு. பிறகு வயித்துக்கு ஒண்ணு."

"என் வயிறு நல்லாத்தானே இருக்கு?"

"மத்த மூணும் உள்ள போனா கெட்டுப்போவும்லா."

"சரி. மீனுக்கு என்ன போட்டீங்க?"

"வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஒண்ணு. செவுள்ல புழு இருந்தா அதுக்கு ஒரு பொடி. துடுப்பு அழுகிரக் கூடாதுல்லா, அதுக்கு ஒண்ணு."

"அம்புட்டுதானா?"

தவமணி கொஞ்சம் தயங்கினார்.

"ஃபில்டருக்குள்ள ஒரு கரிப் பையும் வச்சிருக்கேன். இத்தனை மருந்தும் தண்ணியக் கெடுத்துரக் கூடாதேன்னுதான்."

"பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுதீங்க."

டீச்சர் ஒரு கண்ணாடித் தம்ளரில் கடல்தண்ணீர் எடுத்தார். நீல நிற மருந்தில் இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் முழுக்க நீலம் பரவியது. ஒரு கை கரித்துகளை அள்ளி உள்ளே போட்டுக் கலக்கி, தவமணி முன்னால் வைத்துவிட்டுத் தொட்டி தேய்க்கப் போய்விட்டார்.

தவமணி தம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நீலம் வெளுத்தது. இன்னும் வெளுத்தது. கரி அடியில் படிந்தபோது மேலே தண்ணீர் சுத்தமாக இருந்தது.

"தெளிஞ்சிட்டு டீச்சர்! என்னமா தெளிஞ்சிருக்கு பாருங்க!"

"மருந்து எங்க?"

தவமணியின் சந்தோஷம் அப்படியே நின்றது.

"கரி குடிச்சிட்டு."

"மீனுக்கு மருந்து கேக்கலைன்னா நீங்க என்ன செய்வீங்க?"

"இன்னும் கொஞ்சம் போடுவேன்."

"கரி வயிறு நிறைஞ்ச பிறகும் போடுவீங்களா?"

தவமணி தம்ளரைத் தூக்கி அடியில் கிடந்த கரியைப் பார்த்தார். கரி குடித்தவரை மீன் தப்பித்துக் கிடந்திருக்கிறது. கரி போதும் என்று நிறுத்திய அன்று, போட்டது மொத்தமும் மீன் தலையில் இறங்கியிருக்கிறது. மீனைத் தேற்றியது அவர் மருந்தில்லை. கொன்றதுதான் அவர் மருந்து. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"இப்ப நான் என்ன செய்யணும் டீச்சர்?"

"கரிய எடுங்க. தண்ணிய மாத்துங்க. பிறகு மருந்து ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

"எந்த மருந்து?"

"என்ன நோயோ அந்த மருந்து."

தவமணி வீட்டுக்குப் போனார். கரிப் பையை எடுத்துக் குப்பையில் எறிந்தார். தண்ணீரை மாற்றினார். மூன்று மருந்தில் வெள்ளைப் புள்ளி நோய்க்கானதை மட்டும் அளந்து ஊற்றினார். புது மீனுக்கு அதுதானே வழக்கமாக வருகிற நோய். ஊரெல்லாம் காய்ச்சல் என்றால் ஒரே மாத்திரையை எடுத்து நீட்டுகிற கை அது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஓடி வந்தார்.

"சாண் ஏறினா முழம் சறுக்குது டீச்சர். கரியத் தூரப் போட்டுட்டேன். ஒரே மருந்துதான். ஆனா மீன் மேல வந்து மூச்சு வாங்குது. தீனியைத் தொடல. அடுத்த மருந்தையும் ஊத்திரட்டுமா? சும்மா இருக்க முடியல, கை பரபரங்குது."

டீச்சர் கையைக் கழுவினார். ஒரு சின்னப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்."

தனித் தொட்டி பின்னறையில் இருந்தது. மீன் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தண்ணீரைத் தொடவில்லை. மருந்து டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுகிர்தம் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போயிற்று.

"ஏதாவது போடுங்களேன் டீச்சர்," என்றாள் சுகிர்தம் கதவோரம் நின்று. "பாவமா இருக்கு."

டீச்சர் தவமணியைக் கூப்பிட்டார்.

"மூச்சு வாங்குதுன்னீங்களே அண்ணாச்சி. எந்தப் பக்கமா வாங்குது?"

"மூச்சுக்குப் பக்கம் உண்டுமா?"

"உக்காந்து பாருங்க."

தவமணி உட்கார்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. பொறுமை போயிற்று. எழுந்திருக்கப் பார்த்தார். டீச்சர் எழவில்லை, அதனால் இவரும் இருந்தார். மீன் மெல்லத் திரும்பியது.

"இந்தப் பக்கத்துச் செவுள் திறந்து திறந்து மூடுது. அந்தப் பக்கம்... அந்தப் பக்கம் மூடியேல்லா கிடக்கு!"

"வேற?"

"ஃபில்டர் குழாய்ல போய்த் தலைய உரசுது. அரிக்கும் போல."

"வேற?"

தவமணி கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்தார். வாலில் தேடினார், துடுப்பில் தேடினார், வயிற்றில் தேடினார்.

"புள்ளிதான் இல்ல," என்றார் மெதுவாக. "ஒண்ணுகூட இல்ல. இது செவுள் புழு டீச்சர். இல்லாத நோய்க்குல்லா நான் மருந்து ஊத்தியிருக்கேன்."

டீச்சர் தலையசைத்தார்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?" தவமணிக்குக் கோபமே வந்துவிட்டது.

"முதல் நாள் நான் உங்களத்தானே பாத்தேன். மீன இப்பத்தானே பாக்கேன்."

தவமணி புழுவுக்கான பொடியை எடுக்கத் தாவினார். டீச்சர் கையை நீட்டித் தடுத்தார். தோள்பையைத் திறந்து புதுக் கரிப் பை ஒன்றை எடுத்து ஃபில்டருக்குள் வைத்தார்.

"என்ன டீச்சர் இது! கரிய எடுக்கச் சொன்னதே நீங்கதானே!"

"எடுக்கச் சொன்னேன். குப்பையில போடச் சொன்னேனா? முதல் மருந்து இன்னும் தண்ணியிலதான் இருக்கு. அத கரி குடிக்கட்டும். நாளைக்குக் கரிய எடுத்துட்டுப் பொடியப் போடுங்க."

"அதுவரைக்கும் மீன் தாங்குமா?"

"தெரியல."

"அப்ப நான் என்ன செய்ய?"

"பாத்துக்கிட்டு இருங்க."

டீச்சர் போய்விட்டார்.

தவமணி கடையை அடைத்துவிட்டு வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். வலிக்கிற உயிர் ஒன்றுக்கு எதிரே எந்த மாத்திரையும் வெட்டிக் கொடுக்காமல் உட்கார்ந்திருப்பது அவருக்கு வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. சங்கடமாக இருந்தது. அழுகை வந்தது. பிறகு அதுவும் அடங்கி, மீனை மட்டும் பார்த்தார். அது எப்போது குழாய்ப் பக்கம் போகிறது, எப்போது மேலே வருகிறது, எந்தச் சத்தத்துக்கு மிரளுகிறது என்றெல்லாம் தெரிய ஆரம்பித்தது.

மறுநாள் கரியை எடுத்தார். பொடியைக் கரைத்து ஊற்றினார். மறுபடியும் வந்து உட்கார்ந்தார். கடை திறக்கிற நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் அங்கேயேதான் இருந்தார்.

ஒரு நாள் காலையில் மூடிக் கிடந்த செவுள் அசைந்தது. லேசாகத் திறந்தது. மூடியது. மறுபடி அகலமாகத் திறந்தது.

"சுகிர்தம்! திறந்துட்டு! ஓடியா, ஓடியா!"

சுகிர்தம் வந்தாள். ஓடி வரவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள்.

தவமணி அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாள் பார்த்துப் பழகிய கண், உடனே விலகவில்லை. அவள் பாதம் இரண்டும் உப்பியிருந்தன. கொலுசு சதைக்குள் அமுங்கிக் கிடந்தது.

"காலு ஏன் இப்படி வீங்கிக் கிடக்கு? எப்ப இருந்து?"

சுகிர்தம் மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பிரஷர் மாத்திரைய மாத்திக் குடுத்தீங்கல்லா, அதுல இருந்துதான். அன்னைக்கே வந்து சொன்னேன். நீங்க தலையத் தூக்காம அதுக்கும் ஒரு மாத்திரை குடுத்தீங்க."