முதல் மரக்கால்

மழைக்கும் மன்னனுக்கும் ஒருசேரப் பயந்து வாழ்ந்த காலம் அது. ஆற்றங்கரையில் பெருங்கரை என்று ஒரு ஊர். அந்த ஊர்க்காரி செங்காயியின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஒரு வருடம் ஆறு கரையை உடைத்தது. பயிரைத் தின்றது, மாட்டைத் தின்றது, விதைநெல்லையும் தின்றுவிட்டுப் போனது. செங்காயிக்கு மிஞ்சியது இரண்டு பிள்ளைகளும் ஈர வயலும்தான். ஈரம் காய்வதற்குள் விதைத்தால் பிழைக்கலாம். தவறினால் அடுத்த மழை வரை பட்டினி.

அரசன் நல்லவன். "களஞ்சியத்தைத் திறந்து உழவர்களுக்கு அளந்து கொடுங்கள்" என்றான். வண்டி வண்டியாக நெல் வந்தது. கூடவே பஞ்சவராயர் என்ற அதிகாரியும் வந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணுவதில்லை. 'லாபம்' என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று. பஞ்சவராயரோ புது வழக்கம் கொண்டுவந்தார். உழவர்கள் துணியை விரித்துக் குனிந்து நிற்க வேண்டும். அவருடைய ஆள் "பிச்சை, இரண்டு, மூன்று" என்று அளப்பான்.

முதலில் வந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார். அடுத்து வந்தவர் செங்காயியின் பக்கத்து வயல்காரர் மாசாணம். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாங்கினார்.

மூன்றாவதாகச் செங்காயி வந்தாள். வயிறு 'வாங்கு' என்றது, நெஞ்சு 'கூடாது' என்றது. "பிச்சை" என்று அந்த ஆள் மரக்காலைச் சாய்க்கப் போனதும் துணியைச் சுருட்டிக்கொண்டு பஞ்சவராயரைப் பார்த்தாள்.

"ஐயா, போன அறுப்புக்கு எங்க களத்துக்கு வந்தீங்களே. அரசர் பங்க அளந்தப்ப மொத மரக்காலுக்கு என்ன சொன்னோம்?"

"லாபம்."

"அங்க போறப்ப லாபமா இருந்த எங்க நெல்லு, திரும்பி வர்றப்ப பிச்சையாயிருச்சா?"

பஞ்சவராயரின் முகம் சிவந்தது. "வேண்டாமென்றால் போ!"

மாசாணம் பதறிப்போனார். "பசி வந்தா பத்தும் பறந்து போகும் தாயி. புள்ளைங்கள நெனச்சுப் பாரு."

"நெனச்சுத்தாண்ணே சொல்றேன். பிச்சைன்னு அளந்த சோத்த எம்புள்ளைங்க எப்படித் தல நிமுந்து திங்கும்?"

அவள் வெறுங்கையோடு நடந்தாள். அழுதுகொண்டேதான் நடந்தாள், அதை நான் மறைக்க மாட்டேன்.

மாசாணம் தன் மூட்டையைப் பார்த்தார். அவிழ்த்தார். குவியலிலேயே திருப்பிக் கொட்டிவிட்டு அவள் பின்னே போனார். முதலில் வாங்கியவரும் கொட்டினார். வரிசையில் நின்ற ஊரே கலைந்தது.

நெல் மலை போல் கிடந்தது. யாரும் தொடவில்லை. வீடுகளில் கீரையை வேகவைத்துத் தின்றார்கள். வயல் மண்ணில் மெல்ல வெடிப்பு விழத் தொடங்கியது. செங்காயி அதைப் பார்த்துப் பார்த்து நடுங்கினாள். ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

சேதி எட்டியதும் அரசனே புறப்பட்டு வந்தான். "இங்கே யாருக்கும் பசி இல்லையா?"

"பசியும் இருக்கிறது அரசே, திமிரும் இருக்கிறது" என்றார் பஞ்சவராயர்.

அரசன் செங்காயியை அழைத்துக் கேட்டான். அதிகாரியிடம் சொன்னதையே ஒரு சொல் குறையாமல் அரசனிடமும் சொன்னாள். அவன் தினமும் உண்டது அவர்கள் விளைத்த சோறு. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு மரக்காலைத் தானே கையில் எடுத்தான். "லாபம்!" என்று அவன் கூவிய குரல் அக்கரைக்குக் கேட்டது. பெருங்கரை நிமிர்ந்து நின்று வாங்கியது.

"இந்த அதிகாரிக்கு என்ன தண்டனை கொடுக்கலாம், நீயே சொல்" என்றான் அரசன்.

"தண்டனையெல்லாம் எதுக்குங்க? வெள்ளத்துல மாடு போச்சு, வேலைக்கு ஆளு பத்தல. வெதச்சு முடிக்கிற வரைக்கும் இவர இங்கேயே விட்டுட்டுப் போங்க."

பஞ்சவராயர் பட்டு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு செங்காயியின் வயலில் இறங்கினார். பொழுது சாய்வதற்குள் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். செங்காயி கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அவர் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் குடித்தார்.

இடர் வந்த காலத்தில் உழவருக்கு அரசு கொடுப்பது பிச்சையல்ல, அவர்கள் தலை நிமிர்ந்து வாங்க வேண்டிய உரிமை.