காராயி எடுத்த கங்கு

அந்தக் காலத்தில், மனிதருக்கும் மற்ற உயிர்களுக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, ஆற்றங்கரை இலுப்பை மரத்தில் தோலி என்றொரு வௌவால் தன் குட்டியோடு குடியிருந்தாள். அதே மரத்தின் கீழே ஓலைக்குடிசை போட்டு, காராயி என்ற பெண் தன் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாழ்ந்துவந்தாள். மூத்தவன் வாகை, இளையவள் தும்பை. பிள்ளைகள் தோலியைச் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். இருட்டியதும் தோலி எங்கெங்கோ பறந்துபோய் அத்தியும் நாவலும் கொண்டுவந்து குடிசை வாசலில் போடுவாள். பகலில் அவள் தூங்கும்போது மரத்தில் காக்கை வந்து கொத்தாமல் காராயி விரட்டிக்கொண்டிருப்பாள். நல்ல சிநேகிதமாகத்தான் இருந்தார்கள்.

அப்போது உலகத்தில் காய்ச்சல் என்று ஒன்று இல்லை. ஆனால் நோய் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பொடிசுகள் காற்றிலும் எச்சிலிலும் ஏறித் திரிந்தன. அவற்றுக்கு வாய் கிடையாது, வயிறு கிடையாது, சொந்தமாக ஓர் அடுப்புகூடக் கிடையாது. ஓர் உடம்புக்குள் நுழைந்து, அங்கே இருக்கிற கணக்கில்லாத குட்டி அறைகளில் ஒன்றுக்குள் புகுந்து, அந்த அறையின் அடுப்பிலேயே தங்களைப் போல ஆயிரம் பேரைச் சமைத்துக்கொள்ளும். பிறகு அறையை இடித்துத் தள்ளிவிட்டு அடுத்த அறைக்குப் போகும். உடம்புக்குள் காவலாட்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மனித உடம்பின் காவலாட்கள் அந்த நாளில் வெறும் தூங்குமூஞ்சிகள். பாதி ஊர் இடிந்த பிறகுதான் கண்ணைத் திறப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் வாகைக்கு நோய் வந்தது. உடம்பு சுடவில்லை, அவன் அழவும் இல்லை. நனைந்த மண் பொம்மை கரைகிற மாதிரி நாளுக்கு நாள் கரைந்தான். கடைசியில் தாயின் மடியில் குளிர்ந்து போனான்.

அதே மழையில் தோலியின் குட்டி வாகையோடு சேர்ந்துதான் விளையாடியது. அவன் கடித்த பழத்தின் மிச்சத்தைத் தின்றது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

துக்கம் கேட்க வந்த தோலி, தாழ்ந்த கிளையில் தொங்கியபடி அழுதாள். காராயி கேட்டாள்.

"உன் பிள்ளைக்கு இந்த நோய் வரலையா?"

தோலிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "வந்துச்சுக்கா. இன்னும் உள்ளேதான் இருக்கு. என் காதுக்குக் கேக்குது. ஓரமா உக்காந்திருக்குதுங்க."

இருட்டில் இலை அசைவதைக்கூடக் கேட்டுப் பறக்கிற காது அது. நெஞ்சில் வைத்துக் கேட்டால் உடம்புக்குள் யார் நடமாடுகிறார்கள் என்று சொல்லிவிடும்.

காராயி மேலே பார்த்தாள். குட்டி தாயின் மார்பைக் கவ்விக்கொண்டு, பால் வழிய, கொழுகொழுவென்று தூங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவள் வயிற்றில் முதல் முறையாக அந்த எரிச்சல் எழுந்தது. என் பிள்ளைக்கு வந்ததேதான் இதற்கும் வந்தது. என்னுடையது மண்ணுக்குள் போயிற்று, இது பால் குடிக்கிறது.

அதன் பிறகு தோலி செய்த எதுவும் காராயிக்குப் பிடிக்கவில்லை. வாசலில் அத்திப்பழம் கிடந்தால், "இருக்கிறவ இல்லாதவளுக்குப் பிச்சை போடறா" என்று முணுமுணுப்பாள். மேலே குட்டி கிறீச்சிட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். காக்கை வந்தாலும் பார்க்காததுபோல இருந்துவிடுவாள்.

"அது என்ன பண்ணுச்சு உன்னை?" என்று புருஷன் மூங்கன் ஒருநாள் கேட்டான்.

"ஒண்ணும் பண்ணலை. அவளுக்கு ஒண்ணும் ஆகலை பாரு, அதுதான்" என்றாள்.

அவன் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான்.

ஆனாலும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம், தோலி பறப்பதற்கு முன் இறக்கையை நீவி விட்டுக்கொண்டிருந்தபோது, குரலை இனிப்பாக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏண்டி தோலி, உங்களுக்கு மட்டும் நோய் ஏன் ஒட்ட மாட்டேங்குது?"

தோலி வஞ்சகம் இல்லாமல் இரண்டு இறக்கைகளையும் விரித்துக் காட்டினாள். ஒவ்வொரு இறக்கையின் இடுக்கிலும் ஒரு கங்கு இருந்தது. நெல்மணி அளவுதான். சாம்பல் பூத்த அடுப்பில் கடைசியாக மினுங்குமே, அந்தச் சிவப்பு.

"இது பறக்கிற அனல்க்கா. பறக்கும்போது உடம்பு பூரா காயும். அந்தச் சூட்டுல எங்க உடம்புக்குள்ள காவல் இருக்கிற ஆளுங்க தூங்கவே மாட்டாங்க. தினம் காயறதால கோவப்படவும் மாட்டாங்க. வந்தவன் கையைக் கட்டி ஒரு மூலைல உக்கார வச்சிடுவாங்க, அவ்வளவுதான்."

"ரெண்டு வச்சிருக்கியே. எனக்கு ஒண்ணு குடேன்."

தோலி பதறிப்போனாள். "ஐயோ அக்கா, குடுக்கக் கூடாதுன்னு இல்லை. இது பறக்கிறவங்க உடம்புக்குத்தான் அடங்கும். உக்காந்திருக்கிற உடம்புல போட்டா ஆளுங்க எல்லாம் வெறி பிடிச்சு எழுந்திருப்பாங்க. நோயோட சேத்து வீட்டையும் கொளுத்திடுவாங்க."

காராயி சிரித்தாள். "சரிடி, விளையாட்டுக்குக் கேட்டேன்" என்றாள். உள்ளே வந்ததும் அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை. இரண்டு வைத்திருக்கிறாள். ஒன்று தர மனசு வரவில்லை. அதற்கு எவ்வளவு அழகாகக் காரணம் சொல்கிறாள்!

அடுத்த மழைக்காலம் வந்தது. தும்பைக்கு மூக்கு ஒழுகிற்று. தொண்டை வலிக்கிறது என்று கஞ்சியைத் தள்ளிவிட்டாள். தோலி அவசரமாக இறங்கி வந்து குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். வெகுநேரம் காதை எடுக்கவே இல்லை.

"வந்துட்டாங்கக்கா. வாகைகிட்ட வந்த அதே கூட்டம்."

"இவ உடம்புல இருக்கிற ஆளுங்க?"

"தூங்கறாங்க."

தோலி குட்டியை அணைத்துக்கொண்டு மேலே போனாள்.

மறுநாள் உச்சிவெயிலில் மரமே உறங்கிக்கொண்டிருந்தது. காராயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். தோலி இறக்கைகளைத் தளர விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தாள். தன்னை யாராவது தொடுவார்கள் என்ற எண்ணமே இல்லாத தூக்கம். குட்டியின் வயிறு ஏறி இறங்கியது. அதைப் பார்த்ததும் காராயி தயங்கவில்லை. இறக்கையின் இடுக்கில் இரண்டு விரலை விட்டுக் கங்கை எடுத்தாள். விரல் பொசுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

கங்கைத் தேனில் தோய்த்துத் தும்பையின் நாக்கில் வைத்து விழுங்க வைத்தாள். விரலில் ஒட்டியிருந்த தேனைத் தானும் நக்கிக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் குழந்தைக்குப் பல் கிட்டித்தது. எத்தனை போர்த்தினாலும் குளிர்கிறது என்றாள். ஆனால் தொட்டால் கை சுட்டது. கண் சிவந்தது, உதடு வெடித்தது. கை வலிக்கிறது, கால் வலிக்கிறது, முதுகு உடைகிறது என்று அரற்றினாள். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு இரண்டு கட்டிகள் எழும்பின. மனித உடம்பில் அதுவரை யாரும் அப்படி ஒரு சூட்டைத் தொட்டதில்லை. மூங்கன் ஆற்றிலிருந்து துணியை நனைத்து நனைத்துக் கொண்டுவந்தான். போட்ட துணி கொஞ்ச நேரத்தில் காய்ந்துபோயிற்று.

காராயி வாசலுக்கு ஓடி வந்து மேலே பார்த்துக் கத்தினாள். "தோலி! ஏ தோலி!"

தோலி விழித்துத்தான் இருந்தாள். ஒரு பக்கம் நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த இறக்கையை மற்ற இறக்கையால் மூடியிருந்தாள்.

"நீதானா?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான். குழந்தை எரியுதுடி. வந்து கேளு, என்ன நடக்குதுன்னு சொல்லு."

தோலி வரமாட்டாள் என்றுதான் காராயி நினைத்தாள். தானாக இருந்தால் போயிருக்க மாட்டேன் என்பது அவளுக்கே தெரியும். ஆனால் தோலி இறங்கி வந்தாள். தும்பையின் நெஞ்சில் காதை வைத்தாள்.

"சத்தம் காதைப் பிளக்குது" என்றாள். "பொடிசு புகுந்த அறைங்க எல்லாம் கூச்சல் போடுது, பக்கத்து அறைங்க கேட்டுக் கதவைச் சாத்திக்குது. வயிறு பெருத்த காவலாளுங்க கொஞ்சம் பேரு ஓடி வந்து, கண்ணுல பட்டதை எல்லாம் விழுங்கறாங்க. ஒருத்தன் ஒரு பொடிசோட சட்டையைக் கிழிச்சு எடுத்துக்கிட்டுக் கழுத்துப் பக்கம் ஓடறான்." அவள் காதை மெல்லக் கழுத்துக் கட்டிக்கு நகர்த்தினாள். "இங்கதான் கூட்டம் கூடியிருக்கு. அந்தச் சட்டையைக் காட்டி, இவனைத் தெரியுமா, இவனைத் தெரியுமான்னு ஒவ்வொருத்தனா கேக்கறான். தெரிஞ்சவன் இன்னும் கிடைக்கலை."

"கிடைச்சா?"

"கிடைச்சா அவன் பெருகுவான். பொடிசைக் கவ்வற கொக்கியை அடிச்சு அடிச்சு அனுப்புவான். அதுக்கு நேரமாகும். அதுக்குள்ள வேற சில பேரு..." தோலி நிறுத்தினாள்.

"சொல்லு."

"பொடிசு இருக்கிற அறையை அறையோட கொளுத்தறாங்கக்கா. உங்க அறைதான், உங்க ஆளுங்கதான். நான் சொன்னேனே."

காராயி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

தோலி குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "கங்கை நான் திரும்ப எடுத்துக்க முடியும். இன்னும் கரையலை. எடுத்தா இந்தச் சூடு உடனே தணியும், வலி போகும், குழந்தை தூங்குவா. இவ ஆளுங்களும் தூங்கிடுவாங்க. மிச்சம் உனக்கே தெரியும், வாகைக்கு நடந்ததுதான். விட்டு வச்சா, பொழைக்கவும் செய்வா, எரிஞ்சு போகவும் செய்வா. அது எனக்குத் தெரியாது. நீயே சொல்லு."

காராயிக்கு அந்த நேரத்திலும் அந்த எண்ணம் வந்தது. இவளுக்கு என்ன, இரண்டில் எது நடந்தாலும் இவள் பிள்ளை மேலே பத்திரமாகத் தொங்குகிறது. அந்த எண்ணம் வந்ததற்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது. தும்பையின் கையைத் தொட்டுப் பார்த்தாள். அனலாக இருந்தது. வாகையின் கை கடைசியில் எப்படி இருந்தது என்று அவளுக்கு மறக்கவில்லை.

"இருக்கட்டும். சூடாவே இருக்கட்டும்" என்றாள்.

மூங்கன் துணி நனைத்தான். காராயி சொட்டுச் சொட்டாகக் கஞ்சித் தண்ணீரைப் புகட்டினாள். தோலி அன்று பழம் தேடிப் போகவில்லை, கூரை மூங்கிலில் தொங்கியபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். பொழுதுகள் வந்து போயின. குழந்தை சில வேளை யாரையும் தெரியாமல் பிதற்றினாள். பிறகு ஒரு காலையில், "கிடைச்சிட்டான்! தெரிஞ்சவன் கிடைச்சிட்டான்!" என்று தோலி கத்தினாள்.

அதற்குப் பிறகு குழந்தைக்கு வியர்த்தது. நெற்றியில், கழுத்தில், முதுகில், படுத்த பாய் ஊறுகிற அளவுக்கு வியர்த்தது. உடம்பு குளிர்ந்தது. வாகையும் இப்படித்தான் குளிர்ந்தான் என்று காராயி பதறினாள். ஆனால் தும்பை கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது" என்றாள்.

காராயி அவளை வாரி எடுத்துக்கொண்டு அழுதாள். தோலி கடைசியாக ஒருமுறை காதை வைத்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறிற்று.

"என்னடி?" என்றாள் காராயி பயந்துபோய்.

"சண்டை முடிஞ்சுது. காவலாளுங்க முக்காவாசிப் பேரு செத்துட்டாங்க, மிச்சப் பேரு இடிஞ்ச அறைங்களைக் கட்டிக்கிட்டிருக்காங்க. ஆனா கொஞ்சம் பேரு தூங்கப் போகலை. எலும்புக்குள்ளயும் கழுத்துக்குள்ளயும் போய் உக்காந்துகிட்டு, அந்தப் பொடிசோட முகத்தை மறக்காம நெனச்சு நெனச்சுப் பாக்கறாங்க. இனி அதே கூட்டம் வந்தா வாசல்லயே அடிச்சுத் துரத்திடுவாங்க." தோலியின் குரல் தாழ்ந்தது. "எங்க ஆளுங்க வந்தவனைப் பகைக்க மாட்டாங்க, மனசுலயும் வச்சுக்க மாட்டாங்க. ஆயுசு முழுக்க அவனுக்கு இடம் குடுத்துக் காவல் காக்கணும். உங்களுதுங்க மட்டும் எப்படி இப்படி ஆச்சு? எடுத்த கை அப்படி. ஒரு முகத்தைப் பாத்து வயிறெரிஞ்ச கை. அது மறக்குமா?"

காராயி நிமிர்ந்து பார்த்தாள். தோலி தும்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இடுங்கி, உதடு இறுகியிருந்தது. அந்தப் பார்வையைக் காராயிக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷமாக அவள் அதே பார்வையைத்தான் மரத்தை நோக்கி வீசிக்கொண்டிருந்தாள். தோலிக்கு அது புதிது. தனக்கு என்ன ஆகிறது என்றே தெரியாமல் திகைத்தாள்.

"தோலி, எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீ மன்னிச்சா போதும்" என்றாள் காராயி.

"மன்னிச்சிடலாம்னுதான் இறங்கி வந்தேன்" என்றாள் தோலி. "இப்ப முடியலை."

அன்று சாயங்காலம் குட்டியைக் கவ்விக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் பறந்துபோனாள். அக்கரையில் தன் இனத்தைக் கூட்டி நடந்ததைச் சொன்னாள். அதுதான் அவள் மனிதரைப் பற்றிப் பேசிய கடைசிப் பேச்சு. அடுத்த மழையில் அதே நோய் ஊரெல்லாம் வந்தபோது தும்பை தும்மக்கூட இல்லை. பக்கத்துக் குடிசைக்காரிகள் வாசலில் நின்று, "இவ பிள்ளைக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை பாத்தியா" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காராயி கேட்டும் கேட்காததுபோல உள்ளே போய்விட்டாள்.

தும்பையின் வயிற்றில் பிறந்தவர்களுக்கும், அவர்கள் வயிற்றில் பிறந்தவர்களுக்கும் அந்தக் கங்கின் சூடு இறங்கி வந்தது. நோய் நுழைந்தால் நம் உடம்பு கொதிப்பதும், கைகால் உளைவதும், கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுவதும், ஒருமுறை வந்து போன அம்மையை மறுமுறை வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்வதும், சில பேருக்குள் அந்தக் காவலாட்கள் ஆத்திரம் அடங்காமல் தங்கள் வீட்டையே கொளுத்திக்கொள்வதும் அன்றைக்குத் தொடங்கியவைதான். எந்த வெயிலிலும் வௌவால் மிச்சமிருக்கும் கங்கை இறக்கையால் இறுக்கப் போர்த்திக்கொண்டு, கீழே நடந்துபோகும் மனிதப் பிள்ளைகளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே தொங்குவதும் அன்று முதல்தான்.