"தயார்" என்று சொன்ன பிறகு

மெஹருன்னிசாவைக் குரு என்று ஜெயசிங் அழைக்கத் தொடங்கியது கேலிக்குத்தான். அவர் ஐம்பதைத் தாண்டியவர். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஒரே ஒரு பெரிய கணினியோடு பாதி வாழ்க்கையைக் கழித்த மனிதர் அவர். எது கெட்டாலும் உள்ளே இறங்கிக் கையாலேயே சரிசெய்துவிடுவார். இப்போது அவளிடம் ஜாவா கற்றுக்கொண்டிருந்தார். கேலி எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது.

அவர்கள் கவனித்துக்கொண்டது ஒரு மருத்துவமனையின் மென்பொருளை. ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு டேட்டாபேஸ், ரத்த வங்கிக்கு இன்னொன்று. அறுவை சிகிச்சையை உறுதிசெய்தால் இரண்டிலும் பதிவாக வேண்டும். இல்லையென்றால் இரண்டிலும் பதிவாகக் கூடாது. நடுவில் ஒரு மத்தியஸ்த புரோகிராம், டிரான்ஸாக்‌ஷன் மேனேஜர். அது இரண்டையும் "தயாரா?" என்று கேட்கும். இரண்டும் "தயார்" என்றால்தான் "முடி" என்று சொல்லும். இல்லாவிட்டால் "விடு" என்று சொல்லும்.

அன்று மத்தியானம் தியேட்டர் கட்டடத்தின் சர்வர் அறையில் யுபிஎஸ் படுத்துவிட்டது. தியேட்டர் டேட்டாபேஸும் மேனேஜரும் ஒன்றாக அணைந்தன. சற்று முன்புதான் ரத்த வங்கி "தயார்" என்று சொல்லியிருந்தது. அரிதான வகை ரத்தம், இரண்டு பை. அதன் பிறகு "முடி" என்றும் வரவில்லை, "விடு" என்றும் வரவில்லை. அந்தப் பைகளைப் பூட்டிப் பிடித்தபடி ரத்த வங்கியின் டேட்டாபேஸ் நின்றது.

ரத்த வங்கிப் பொறுப்பாளர் போனில் கத்தினார்.

"ஜெயசிங் சார், வார்டுல அதே குரூப் கேக்கறாங்க. ஸ்கிரீன் அப்படியே நிக்குது. சீக்கிரம் விடுவிச்சுக் குடுங்க!"

"இதோ சிஸ்டர்."

போனை வைத்துவிட்டு அவர் ஒரு வரியை அடித்தார். என்டர் மட்டும் பாக்கி.

"என்னண்ணே பண்றீங்க?" என்றாள் பக்கத்திலிருந்த மெஹருன்னிசா.

"ரோல்பேக். 'விடு'ன்னு நானே சொல்லிடறேன். மேனேஜர் செத்துப்போச்சு குருவே. செத்தவன் உத்தரவுக்கு எவ்வளவு நேரம்தான் காத்துக்கிட்டு நிக்கும் இந்த மடச்சாம்பிராணி?"

"சாகறதுக்கு முன்னாடி அது தியேட்டருக்கு என்ன சொல்லுச்சு?"

"அது எப்படித் தெரியும்? அங்க போனையும் யாரும் எடுக்கலை."

"'முடி'ன்னு சொல்லியிருந்தா?"

அதற்கான பதில் அவருக்குத் தெரியும். நோயாளி மேஜையில் கிடப்பார். அவருக்கான ரத்தம் வார்டுக்குப் போயிருக்கும்.

"'விடு'ன்னும் சொல்லியிருக்கலாமே," என்றார்.

"இருக்கலாம். கையை எடுங்கண்ணே."

எடுத்தார். மறுபடியும் போன் அடித்தது. இம்முறை அவள் எடுத்தாள்.

"எப்ப விடுவீங்க மேடம்?"

"தெரியாது சிஸ்டர்."

"அந்த ஆபரேஷன் உறுதியாச்சா இல்லையான்னாவது சொல்லுங்க!"

"அதுவும் தெரியாது. சர்வரை ஏத்திக்கிட்டிருக்காங்க. தெரிஞ்ச உடனே நானே கூப்பிடறேன். வார்டுக்கு இப்பவே வெளி பிளட் பேங்க்ல சொல்லி வாங்கிடுங்க."

ஜெயசிங் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வாடிக்கையாளரிடமும் அவர் "தெரியாது" என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. தெரியாத இடத்திலெல்லாம் எதையாவது செய்திருக்கிறார். பெரும்பாலும் அது சரியாகவே அமைந்திருக்கிறது. அதுதான் இப்போது அவரை உறுத்தியது.

திரையில் அந்த இரண்டு பைகளுக்கான வரி அசையாமல் நின்றது. எத்தனை பேர் வந்து தட்டினாலும், சொன்ன சொல்லை விடாமல், சொல்லாத ஒன்றைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாமல். சற்றுமுன் அதைத் திட்டிய வார்த்தையை இப்போது அவரால் சொல்ல முடியவில்லை.

சர்வர் எழுந்தது. மேனேஜர், அணைவதற்கு முன் எழுதிவைத்திருந்த பதிவில் தான் விட்ட இடத்தைத் தேடிப் படித்தது. பிறகு, தியேட்டருக்கு முன்பே சொல்லியிருந்தபடி, ரத்த வங்கியிடமும் "முடி" என்றது. பூட்டு திறந்தது.

அவள் கூப்பிடுவதற்குள் பொறுப்பாளரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"தியேட்டர்லேருந்து ஆள் வந்து ரெண்டு பையையும் வாங்கிட்டு ஓடறார் மேடம். அங்க கத்தி வெச்சாச்சாம்."

ஜெயசிங் அடித்து வைத்திருந்த வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு குருவே."

"இல்லண்ணே."

"விளையாடாதீங்க. தெரியாமலா அவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?"

"தெரிஞ்சிருந்தா எதுக்குண்ணே காத்திருக்கணும்?"