எறும்புத் தெப்பம்

காட்டாறு கரையை உடைத்துக்கொண்டு பெருகியது. எறும்புப் புற்று ஒன்று முழுகிப்போனது. எறும்புகளுக்கு ஓட இடமில்லை. ஒன்றின் காலை ஒன்று பற்றிக்கொண்டன. தங்கள் உடம்புகளையே தெப்பமாக்கின. முட்டைகளையும் நொண்டிகளையும் நடுவில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் மிதந்தன!

தெப்பம் ஒரு தாய் எலியின் மேட்டில் வந்து முட்டியது. சின்ன மேடு. முன்னே வந்த தெப்பங்களும் அங்கேதான் ஒதுங்கியிருந்தன. வளை முழுக்க எறும்புகள். எலிக்குஞ்சுகளுக்குக் கால் நீட்டக்கூட இடமில்லை. பாவம், எலியும் என்ன செய்யும்? தெப்பத்தைத் தள்ளிவிடக் குச்சியை எடுத்தது.

"போங்க! இன்னும் எத்தனை பேரைத்தான் நான் வைச்சுக்கிறது?"

"எலியக்கா, தள்ளிடாதே! கீழே அருவி இருக்கு!" என்று தெப்பத்திலிருந்து ஓர் எறும்பு அலறியது.

எலி குச்சியைத் தாழ்த்தியது. பக்கத்து மேடுகளைப் பார்த்துக் கத்தியது.

"முள்ளம்பன்றி அண்ணே! உடும்பண்ணே! உங்க மேடெல்லாம் எவ்வளவு பெரிசு! கொஞ்சம் பேரைக் கூட்டிட்டுப் போங்களேன்!"

விழுந்து கிடந்த மரத்தின் மேல் நடந்து இரண்டும் வந்தன.

"வெள்ளம் உன் வாசலுக்குத்தானே கொண்டுவந்தது? அப்போ உன் பாடு!" என்றது உடும்பு.

"எனக்கு மண் தோண்ட ஆள் வேணும். கொழுத்ததா நாலு பொறுக்கிக்கிறேன். முட்டையும் நொண்டியும் உனக்கு!" என்றது முள்ளம்பன்றி.

சொன்னபடியே ஓரத்தில் இருந்த எறும்புகளைப் பிய்த்து எடுத்தது. தெப்பம் கிழிந்தது. முட்டை ஒன்று தண்ணீரில் உருண்டது!

எலி குச்சியை வீசிவிட்டுத் தண்ணீரில் பாய்ந்தது. முட்டையைப் பதமாகக் கவ்விக்கொண்டு மூச்சிரைக்கக் கரையேறியது.

அதற்குள் தெப்பத்தின் கிழிசல் தானாக மூடியிருந்தது! மேலே இருந்த எறும்புகள் அடியில் இறங்கின. அடியில் முழுகிக் கிடந்தவை ஈரம் சொட்ட மேலே வந்தன. யாரும் ஏவவில்லை. யாரும் மறுக்கவில்லை.

"அடியில் இருக்கிறவங்க செத்துப்போக மாட்டாங்களா?" முள்ளம்பன்றி மெல்லக் கேட்டது.

"மேலே இருக்கிறவங்க இறங்கி வந்தா சாக மாட்டாங்க, அண்ணே" என்றது தெப்பத்தில் இருந்த எறும்பு.

முள்ளம்பன்றி பிய்த்த எறும்புகளைத் திரும்பத் தெப்பத்தில் விட்டது. நனைந்து நடுங்கும் எலியைப் பார்த்தது.

"இத்தனை நாளும் நீ ஒருத்திதான் அடியில் கிடந்திருக்கே, தங்கச்சி. இனிமே மேட்டோட அகலத்துக்குத் தக்கபடி பிரிச்சுக்குவோம். முட்டையோட, நொண்டியோட, குடும்பம் குடும்பமா!"

"என் மேடுதான் எல்லாத்திலும் அகலம்..." என்று உடும்பு முனகியது.

"அதனாலதான் சொல்றேன்!"

உடும்பு பெருமூச்சு விட்டது. பிறகு தன் நீண்ட வாலைத் தெப்பத்தின் பக்கம் நீட்டியது. முட்டைகளைச் சுமந்தபடி எறும்புகள் அதன்மேல் ஏறி வரிசையாக வந்தன. எலியின் வளையில் இருந்த பல குடும்பங்களை முள்ளம்பன்றி கூட்டிப்போனது. அன்று எலிக்குஞ்சுகள் கால் நீட்டித் தூங்கின.

வீடிழந்து வந்தவர்களை, முதலில் எதிர்ப்பட்ட எளியவர் தலையில் கட்டிவிடாமலும், வலியவர்களை மட்டும் பொறுக்கி எடுக்காமலும், அவரவர் வசதிக்கேற்ப எல்லோரும் பங்கிட்டு ஏற்பதே நியாயம்.