பூவன்கோணம் நடைமேம்பாலத்துக்கு அனுமதி கிடைத்த விதம்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. இப்போதும் முழுதாக நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன்.

சொன்னவர் தாணுலிங்கம் அண்ணாச்சி. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். பொய்க்குக் கொஞ்சமாவது கற்பனை வேண்டும் என்பதால், அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் என் சிக்கல் அவர் இல்லை. மூன்று பெரிய மனிதர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இவ்வளவும் செய்யும்போது, ஒருவருக்குக்கூடவா “இது சரியில்லையே” என்று தோன்றியிருக்காது? இப்படிக் கேட்டுக்கொள்ளும்போதெல்லாம் நானே உட்கார்ந்து தலையாட்டிய சில கூட்டங்கள் நினைவுக்கு வரும். அதற்குமேல் யோசிக்க மாட்டேன்.

வேலை விஷயமாகப் பூவன்கோணம் போனால் எனக்கு மதியச் சாப்பாடு செண்பகவடிவு அக்கா கடையில்தான். அண்ணாச்சி அங்கே இருப்பார். கதையைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சொல்வார். கட்டுக்கதையாக இருந்தால் இத்தனை வருடத்தில் எங்காவது மெருகேறியிருக்க வேண்டுமே என்பதுதான் என்னைக் குழப்பியது.

கதை இதுதான்.

பூவன்கோணம் கடைத்தெருவின் நடுவே நெடுஞ்சாலை போகிறது. தெற்கே பஸ் ஸ்டாண்டு. வடக்கே நகராட்சி ஆபீசும், அதற்கு நாலைந்து கடை தள்ளிச் செண்பகவடிவின் சாப்பாட்டுக் கடையும். சாலையின் இரண்டு ஓரத்திலும் வண்டிகளை நிறுத்தியிருப்பார்கள். நடுவில் மிஞ்சிய இடத்தில் லாரியும் பஸ்ஸும் இடைவெளி விடாமல் ஓடும். எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்றால் ரயில்வே கேட் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பசியோடு நிற்பவர்களுக்கு அக்கா கடை போர்டு தெரியும். காற்று வாட்டமாக அடித்தால் ரசத்தின் வாசனைகூடப் போகும். ஆள்தான் வர முடியாது.

தினமும் பாதிப் பானைச் சோறு மிஞ்சியது. வருகிற தைக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் கடையை மூடிவிட்டுத் தூத்துக்குடியில் தங்கை வீட்டோடு போய்விடுவது என்று செண்பகவடிவு முடிவு செய்தாள். போவதற்கு முன் ஒரு மனு கொடுத்துப் பார்த்தாள். ஓரத்து வண்டிகளை ஏற்றிவைக்க மாடி மாடியாக ஒரு வாகன நிறுத்தகம், ஜனங்கள் சாலையைத் தாண்ட ஒரு நடைமேம்பாலம்.

மனு கட்டட அனுமதிக் குழுவுக்குப் போனது. குழுவில் மூன்று பேர். தலைவர் கோலப்பன், உறுப்பினர் தாணுலிங்கம் அண்ணாச்சி, ஓவர்சியர் சுயம்பு. மாவட்டத் தலைநகரிலிருந்து குணசீலன் என்ற அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ஏற்கெனவே இந்தக் குழுவோடு பழக்கம் உள்ளவர். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டார்: நான் சொல்வதை அப்படியே செய்யுங்கள், சொந்தமாக எதுவும் யோசிக்காதீர்கள். மூவருக்கும் பெரிய நிம்மதியாக இருந்ததாம்.

முதலில் வாகன நிறுத்தகம். ஒவ்வொரு மாடியையும் நேரில் போய்ப் பார்த்த பிறகே வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு குணசீலன் ஜீப்பில் ஏறிவிட்டார்.

மூவரும் இடத்துக்குப் போனார்கள். வெறும் பொட்டல். ஓரத்தில் ஒரு தென்னை நின்றது.

“மாடி கட்டுன பொறவுதான பாக்க முடியும்?” என்றார் கோலப்பன்.

“கட்டணும்னா கையெழுத்து வேணும். கையெழுத்துக்கு மாடியப் பாக்கணும்,” என்றார் சுயம்பு.

எல்லோரும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்கள். தாணுலிங்கம் அண்ணாச்சிக்குத்தான் பிடி கிடைத்தது. “மாடி இன்னும் வரல, சரி. அது வரப்போற இடம் அங்கன மேலதான இருக்கு? அது எங்கயும் போயிடலையே?”

தேங்காய் பறிக்கிற ஆளைக் கூப்பிட்டு, சுயம்புவைத் தென்னையில் ஏற்றி, மூன்றாவது மாடி வரப்போகும் உயரத்தில் கட்டிவைத்தார்கள். அண்ணாச்சி பாதி மரத்தில் கயிற்றில் தொங்கி இரண்டாவது மாடியைப் பார்த்தார். கனத்த உடம்பு என்பதால் கோலப்பன் ஏணியில் நின்று முதல் மாடியோடு நிறுத்திக்கொண்டார். மூவரும் அங்கங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். காற்றோட்டம் தாராளமாக இருப்பதாகவும், தளம் மட்டும் கால் வைக்கத் தோதாக இல்லை என்றும் சுயம்பு குறிப்பு எழுதினார்.

அடுத்து ஒரு விதி. எந்தக் கட்டடமானாலும், அதற்கு வருகிறவர்களின் வண்டிகளை நிறுத்தத் தனியாக இடம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி கிடையாது.

“வாகன நிறுத்தகம்ங்கிறது கட்டடமா, இல்லியா?” என்று கோலப்பன் கேட்டார்.

கட்டடம்தான் என்று ஒருமனதாக முடிவானது.

“அதுக்கு வாரவன் எதுல வருவான்?”

“வண்டியிலதான் வருவான். நடந்து வாரவனுக்கு அங்க என்ன சோலி?” என்றார் அண்ணாச்சி.

“அப்போ அவன் வண்டிய எங்க விடுவான்?”

பக்கத்தில் இன்னொரு நிறுத்தகம் கட்டலாம் என்றார் சுயம்பு. அதுவும் கட்டடம்தானே, அதற்கு வருகிறவன் வண்டியை எங்கே விடுவான் என்று கோலப்பன் கேட்டார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இப்படியே பேசிக்கொண்டு போனதில் சாயங்காலத்துக்குள் நிறுத்தகங்கள் ஊர் எல்லையைத் தாண்டி ஆற்றில் இறங்கிவிட்டன. ஆறு நம் அதிகாரத்துக்குள் வராது என்று சுயம்பு ஞாபகப்படுத்தினார். ஆகவே ஒரே நிறுத்தகத்தோடு நிறுத்திக்கொண்டு, அங்கே வருகிறவர்கள் யாரும் வண்டியோடு வரக்கூடாது என்ற நிபந்தனையின்பேரில் அனுமதி கொடுத்தார்கள்.

கட்டியும் முடித்தார்கள். மூன்று மாடி, சாய்வுப் பாதை, மஞ்சள் கோடு எல்லாம் உண்டு. வாசலில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி. வண்டியோடு வந்தவர்களை மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். நடந்து வந்தவர்களை உள்ளே விட்டார். அவர்கள் மேலே போய்க் கொஞ்ச நேரம் கோட்டுக்குள் நின்றுவிட்டு வந்தார்கள். வண்டிகள் பழையபடி சாலை ஓரத்திலேயே நின்றன.

செண்பகவடிவு இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆவணி பிறந்துவிட்டது. தங்கைக்குப் போன் பண்ணி மேல் அறையைக் காலி செய்துவைக்கச் சொன்னாள். இனி பாலம் ஒன்றுதான் பாக்கி.

பாலம் கேட்கும் இடத்தில் எத்தனை பேர் சாலையைக் கடக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லும்படி குணசீலன் கேட்டிருந்தார். மூவரும் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பொழுது சாயும்வரை ஒருவரும் கடக்கவில்லை.

“ஜனங்களுக்குத் தாண்டணும்னு ஆசையே இல்ல போலிருக்கே,” என்றார் கோலப்பன்.

“தாண்ட முடியலண்ணே. அதுக்குத்தான பாலம் கேக்கேன்,” என்றாள் செண்பகவடிவு.

“நீ சொல்லுத. சாலை சொல்லலியேம்மா.”

சாலையைக் கடக்கிறவர்களை எண்ண வேண்டும் என்றால் கடக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று அண்ணாச்சிக்குத் தோன்றியது. பக்கத்து ஊரில் நடைமேம்பாலம் இருந்தது. பஸ் பிடித்துப் போய் அங்கே எண்ணினார்கள். நல்ல கூட்டம். கணக்கைக் கொண்டுவந்து பூவன்கோணத்துப் பேரில் அனுப்பினார்கள். இவ்வளவு பேரா என்று குணசீலனே மலைத்துப்போனாராம்.

அதன் பிறகு பொதுமக்களின் ஆட்சேபணையைக் கேட்டுப் பைசல் செய்ய வேண்டும் என்று சொன்னார். கேட்டால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஊருக்கே பாலம் வேண்டும்.

“ஆட்சேபணையே இல்லாட்டா எதைப் பைசல் பண்ண?” என்றார் கோலப்பன். பைல் அங்கேயே நின்றுவிட்டது. மூவரும் கடை கடையாக ஏறி இறங்கி, உதவியாக ஒரே ஒரு ஆட்சேபணை சொல்லும்படி கேட்டார்கள். யாரும் முன்வரவில்லை. கடைசியில் மனு கொடுத்த செண்பகவடிவிடமே வந்து நின்றார்கள். உன் பாலம்தானே, நீயே ஒன்று சொல்லிவிடு என்றார்கள்.

வேறு வழி இல்லாமல் அவள் அடுப்படியில் நின்றபடியே யோசித்துச் சொன்னாள். “பாலம் வந்தா கடையில கூட்டம் தாங்காது. நான் ஒத்தப் பொம்பள. விறகு எரிச்சுப் பொங்கிப் போட்டே என் இடுப்பு ஒடிஞ்சிரும். போதுமா?”

மூவரும் ஆபீசுக்குத் திரும்பினார்கள். கோலப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை கஷ்டத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துப் பாலம் கட்ட நம்மால் முடியாது என்று பாலத்தையே ரத்து செய்யத் தீர்மானித்துவிட்டார்கள். சேதி கேட்டு அவள் கரண்டியோடு ஓடி வந்தாள். சும்மா சொன்னேன் என்றாள். ஆட்சேபணையைச் சும்மா சொல்லக் கூடாது, அது குற்றம் என்றார் சுயம்பு. என் இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு சோற்றுப் பானையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு நகராட்சி ஆபீஸ் வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அவள் நடந்து காட்டிய பிறகுதான் ஆட்சேபணை பைசல் ஆனது.

இனி வரைபடம். நெடுஞ்சாலை வேறு துறையைச் சேர்ந்தது என்று குணசீலன் எச்சரித்தார். பாலத்தின் எந்தப் பகுதியும் சாலையில் ஊன்றக் கூடாது. சாலைக்கு மேலே ஏதாவது போனால் அவர்களிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். அது லேசில் வராது.

சுயம்பு ஒரு வாரம் வரைந்தார். வரைந்து முடித்ததும் செண்பகவடிவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பாலம் நகராட்சி ஆபீசுக்கு முன்னால் ஏறியது. வடக்கு ஓரத்துக் கடைகளுக்கு முன்னால் நேராகப் போனது. அதே வடக்கு ஓரத்தில் இறங்கியது. சாலையின் மேல் அதன் நிழல்கூட விழவில்லை.

“அண்ணே, இது அந்தப் பக்கமே போகலையே.”

“அந்தப் பக்கம் போனா சாலைக்கு மேலல்லா போவும்,” என்றார் கோலப்பன், பொறுமையாக. “ஒனக்குப் பாலம் வேணுமா, அந்தப் பக்கம் போவணுமா? ரெண்டையும் ஒண்ணா கேட்டா நாங்க எங்க போவோம்?”

செண்பகவடிவு வரைபடத்தில் பாலத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாளாம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இறங்குற படி எங்க வருது?”

“ஒன் கடை வாசல்ல.”

“அப்போ சரி. கட்டுங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தங்கையிடம், அறையை இப்போதைக்குக் காலி செய்ய வேண்டாம் என்று சொன்னாளாம்.

தலைநகரில் வரைபடத்தைச் சரிபார்த்தார்கள். எல்லா விதிக்கும் பொருந்தியது. அனுமதி வந்தது. வேலை முடிந்ததும் குணசீலன் போனில் கடைசி உத்தரவு போட்டார். இனி யாரும் பாலம் வழியாக மட்டும்தான் எதிர்ப்பக்கம் போக வேண்டும். வேறு எந்த வழியாகவும், ரயில்வே கேட்டைச் சுற்றிக்கூட, போகக் கூடாது. குழு உறுப்பினர்கள் இதில் ஊருக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும்.

திறப்பு விழா அன்று கோலப்பன் ரிப்பன் வெட்டினார். ஊரே பின்னால் ஏறியது. பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பையோடு ஏறினார்கள். எல்லோரும் நடந்து, மறுகோடியில் இறங்கி, நிமிர்ந்து பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டு அப்போதும் எதிர்ப்பக்கத்தில்தான் இருந்தது.

“நாம நடந்தது பத்தலையோ?” என்றார் கோலப்பன்.

“லேசான சாலையாவே இது? நெடுஞ்சாலை. ஒரே நடையில தாண்டிர முடியுமா?” என்றார் சுயம்பு.

நியாயமாகத்தான் பட்டது. திரும்பவும் போய் ஏறி, நடந்து, இறங்கினார்கள். மூன்றாவது தடவை இறங்கியபோது எல்லோருக்கும் கால் ஓய்ந்து வயிறு கிள்ளியது. எதிரே செண்பகவடிவு இலை போட்டுத் தயாராக நின்றாள். அன்று மதியத்துக்குள் பானை காலி. மறுநாளும் அப்படியே. தை பிறந்தபோது தூத்துக்குடிக்கு இவள் போகவில்லை. ஒத்தாசைக்குத் தங்கை இங்கே வந்துவிட்டாள். கடை இடமும் வலமுமாக வளர்ந்தது. பாலத்தால் ஊருக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால் அண்ணாச்சி அந்தப் பந்தியைக் கையால் காட்டுவார்.

போன மாதம் போயிருந்தபோதும் முழுக்கதையையும் சொன்னார். நான் வழக்கம்போல நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆபீசுக்கு முன்னால் ஏறிக் கடை வாசலில் இறங்கும் அந்தப் பாலத்தை நானே பார்க்கிறேன். ஆனாலும் மனிதர்கள் இத்தனை வருடமா அதில் நடப்பார்கள் என்று உள்ளுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி மோர் குடித்து முடித்தார். இலையை மடித்தார். கை கழுவிவிட்டு வந்து, மூலையில் இருந்த துணிப்பையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

“அப்போ நான் ஒரு நடை போய்ட்டு வாரேன், தம்பி. இன்னைக்குக் கொஞ்சம் வெரசா நடந்து பாக்கலாம்னு இருக்கேன். வீட்டுல தேடுவாவ,” என்று சொல்லிவிட்டு, நகராட்சி ஆபீசுக்கு முன்னால் இருக்கும் ஏறும் படியைப் பார்த்து நடந்தார்.

அப்போதுதான் இத்தனை வருடமாகக் கேட்கத் தோன்றாததை அவரிடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, உங்க வீடு எந்தப் பக்கம்?”