அசமந்தம்பட்டி மழைக்காடான கதை

அசமந்தம்பட்டியில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முன்னே இருந்த பண்டம் தீர்ந்துபோனால்தானே பஞ்சம்? அந்த வருஷம் அங்கே பஞ்சம் மழைக்குத்தான். ஆடி போய் ஆவணி பிறந்தும் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரிப் பளிச்சென்று இருந்தது.

அந்த ஊரில் தவசியாண்டி என்று உழுது பிழைக்கும் ஒரு சம்சாரி. நல்ல மனுஷன். யார் எதைச் சொன்னாலும் நம்புவான். தானே ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை இன்னும் கெட்டியாக நம்புவான். அவனிடம் இருந்த சொத்து ஒரு மூட்டை விதைக்கடலை. மழை பெய்தால் அது விதை, பெய்யாவிட்டால் சாப்பாடு. பெண்டாட்டி கொண்டம்மா காலையில் எழுந்ததும் வாணலியை அடுப்பில் வைத்துவிட்டு மூட்டையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். அவள் மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம் தவசியாண்டி குறுக்கே போய் நின்றுகொள்வான். அதை வறுத்துத் தின்றுவிட்டால் அப்புறம் நிலம் இருக்கும், போடுவதற்கு ஒன்றும் இருக்காது.

இப்படி இருக்கும்போது டவுனிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்து, வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டுப் படம் காட்டினார். உலகத்தில் எத்தனை விதமான நிலம் உண்டு, எந்த நிலத்தில் எந்த உயிர் எப்படிப் பிழைக்கிறது என்று விளக்கமாகச் சொன்னார். பாலைவனத்து ஒட்டகம் கிடைக்கும்போது வயிறு முட்டக் குடித்துவிட்டுப் பல நாள் தாங்குகிறது. குளிர்நாட்டுக் கரடி கெட்ட காலம் முழுக்கத் தின்னாமல் தூங்கிக் கழிக்கிறது. மழைக்காட்டில் முக்கால்வாசி உயிர்கள் மரத்து மேலேயே குடியிருக்கின்றன. அங்கே சில செடிகள்கூட மண்ணைத் தொடாமல் கிளையிலேயே வளர்கின்றன.

"இருக்கிற இடத்துக்குத் தக்கபடி தன்னை மாத்திக்கிட்ட உயிர்தான் தப்பிக்கும்" என்று முடித்துவிட்டு டீச்சரம்மா கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். பாவம், யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஊர்க்கூட்டம். நாட்டாமை மொக்கையா நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் சடையப்பன். ஊரில் பெரிய யோசனைக்காரன் அவன்தான். யோசிக்கும்போது ஒரு கண்ணை மட்டும் மூடுவான். இரண்டையும் மூடினால் தூங்கிவிடுவான்.

"தண்ணி இல்ல, புல்லு இல்ல, வெயிலு மட்டும் இருக்கு. நம்மூரு பாலைவனம்தாங்கய்யா" என்றான் சடையப்பன்.

"அப்ப நாம?"

"ஒட்டகம்."

"ஊரே ஒட்டகமா, நான் மட்டுமா?"

"ஊரே ஒட்டகம். நீங்க பெரிய ஒட்டகம்."

நாட்டாமைக்கு அது போதும். உத்தரவு போட்டார். ஊர்க் கிணற்றின் அடியில் கிடந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரையும் இறைத்து, ஆணும் பெண்ணும் சுற்றி உட்கார்ந்து, கண்விழி பிதுங்கும் வரை குடித்தார்கள். போதும் என்றவர்களின் வாயில் மற்றவர்கள் ஊற்றினார்கள். சாயங்காலத்துக்குள் சேமித்த தண்ணீர் மொத்தமும் கருவேலம் புதருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. மறுநாள் கிணறும் காய்ந்திருந்தது, தொண்டையும் காய்ந்திருந்தது.

"ஒட்டகத்துக்கு ஒன்னுக்கே வராதுபோல" என்றாள் கொண்டம்மா, அடுத்த ஊருக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு.

சடையப்பன் அசரவில்லை. இன்னொரு கண்ணை மாற்றி மூடினான். "நிலத்தைத் தப்பா எடைபோட்டுட்டோம். இது கரடி ஊரு. கெட்ட காலம் முடியிற மட்டும் தூங்கிறணும்."

"மழை வந்தா யாரு எழுப்புறது? ஒரு ஆளு முழிச்சிருக்கணுமே" என்று நாட்டாமை கேட்டார்.

"முழிச்சிருந்தா அவன் கரடி இல்லையேய்யா."

இது பெரிய சிக்கல்தான். வெகுநேரம் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தவசியாண்டி தூங்க வேண்டியது, ஆனால் ஒரு கையை மட்டும் வாசலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு தூங்க வேண்டியது. விதைமூட்டை அவனுடையது என்பதால் அவன் கைக்குத்தான் அக்கறை இருக்கும் என்று நாட்டாமை தீர்ப்பளித்தார்.

மத்தியானம் உள்ளங்கையில் சொத்தென்று ஏதோ விழுந்தது. "மழை! மழை!" என்று தவசியாண்டி அலறினான். பட்டினியாகப் புரண்டுகொண்டிருந்த ஊர் மொத்தமும் ஓடி வந்தது. நாட்டாமை அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மழைங்கிற, வெள்ளையா இருக்கே?"

"கரடி ஊரு மழை வெள்ளையாத்தான்யா இருக்கும். படத்துல பாக்கலையா?" என்றான் சடையப்பன்.

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலர் தொட்டுக் கும்பிட்டார்கள். மேலே கூரை முகட்டில் உட்கார்ந்திருந்த காக்காய் இன்னொரு தரமும் மழை பெய்துவிட்டுப் பறந்துபோனது.

அன்றைக்குக் கொண்டம்மா வாணலியில் உப்பையும் போட்டுவிட்டாள். கடலை வறுக்க இனி மூட்டையை அவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி. தவசியாண்டி மூட்டை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். அழுகை அழுகையாக வந்தது. அந்த நிலைமையில்தான் அவன் வாழ்நாளில் முதல் யோசனை உதித்தது. நாட்டாமை வீட்டுக்கு ஓடினான், மூட்டையையும் தூக்கிக்கொண்டுதான்.

"ஐயா, மழை பெய்யிற காட்டுல எல்லாம் மரத்து மேல இருக்குதுக. நாம தரையில இருக்கோம், நமக்கு மழை இல்ல. அப்ப மழை எதனால பெய்யிது?"

நாட்டாமை வாயைப் பிளந்தார். சடையப்பன் இரண்டு கண்ணையும் திறந்துவிட்டான்.

கண்மாய்க் கரையில் ஒரே ஒரு பெரிய புளியமரம். பொழுது சாய்வதற்குள் ஊரே அதில் ஏறிவிட்டது. ஏறுவதற்கு முன்னால் மரியாதைப் பிரச்சினை வந்தது. உச்சிக் கொம்பு நாட்டாமைக்கு, அதற்குக் கீழே பங்காளிகள், அதற்குக் கீழே சம்பந்திகள், ஊருக்குள் யாரும் சேர்த்துக்கொள்ளாதவர்களுக்கு அடிக்கொம்பு என்று முடிவானது. உச்சிக் கொம்புக்கு நாட்டாமையின் அந்தஸ்து தெரிந்திருந்தது, உடம்பு எடை தெரியவில்லை. அது மளுக்கென்று ஒடிந்தது. நாட்டாமை வழியெல்லாம் இருந்தவர்களை உதைத்துக்கொண்டு வந்து, அடிக்கொம்பில் வேட்டி மாட்டித் தொங்கினார்.

தொங்கியபடியே சொன்னார்: "நான் எங்க இருக்கேனோ அதான் உச்சி. எல்லாரும் எனக்குக் கீழ வாங்க."

அவருக்குக் கீழே மரமே இல்லை. ஆகவே ஊர் மொத்தமும் அடிமரத்தைப் பல்லிக்கூட்டம் மாதிரிக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. ஏற்கெனவே அடிக்கொம்பில் இருந்தவர்களைத் தீட்டுப்படக் கூடாது என்று மேலே விரட்டிவிட்டார்கள். அவர்கள் போய் நல்ல கிளையாகப் பார்த்துக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்கள். நாட்டாமையின் வேட்டி கிழிந்து அவர் பொத்தென்று விழுந்த பிறகுதான் அவரும் மற்றவர்களும் கிடைத்த கிளையில் ஏறினார்கள்.

ஆவணி மாதம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழை அன்றைக்கே பெய்தது. இடி, மின்னல், காற்று, ஒன்றும் பாக்கி இல்லை. மரத்தில் இருந்தவர்கள் நனைந்து நடுங்கியபடி ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். தவசியாண்டிக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மடியில் மூட்டையை இறுக்கிக்கொண்டு இறங்கப் போனான்.

"எங்கடா இறங்குற?" நாட்டாமை அதட்டினார்.

"விதைக்கணும்யா. ஈரம் காயிறதுக்குள்ள போடணும்."

"நீ இறங்கினா மழை நின்னு போகும்டா. நீதான சொன்ன?"

தான் சொன்னதாயிற்றே! தவசியாண்டியால் அதை மறுக்க முடியவில்லை. ஒரு காலைக் கிளையிலும் ஒரு காலை வெறும் வெளியிலும் வைத்துக்கொண்டு, கீழே ஊறிக் கிடந்த தன் நிலத்தைப் பார்த்து ஏங்கினான்.

அடுத்த ஊர்க்காரர்கள் ஏர் பூட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனார்கள். "ஏப்பா, இறங்கி வெதைங்கப்பா! இந்த ஈரத்த விட்டா இன்னொரு ஈரம் கிடைக்காது!"

"மழை யாரால பெய்யிது? எங்களாலதான்" என்றார் நாட்டாமை. "உங்களுக்கும் சேத்துத்தான் நாங்க உக்காந்திருக்கோம். நன்றி சொல்லாட்டியும் போகுது, தொந்தரவு பண்ணாமப் போங்க."

அவர்கள் போய்த் தங்கள் நிலத்தை விதைத்தார்கள். அசமந்தம்பட்டிக்காரர்கள் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் சடையப்பன்தான் கைகொடுத்தான். "மழைக்காட்டுல செடி கிளையிலேயே வளருதுன்னு டீச்சரம்மா சொல்லலையா? நீ இங்கனயே வெத."

தவசியாண்டிக்கு உயிர் வந்தது. மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு கவட்டையிலும் பொந்திலும் கடலையைப் பார்த்துப் பார்த்து ஊன்றினான். கொண்டம்மா கிளை கிளையாகத் தாவி வந்து பொந்தை எச்சில் தொட்டு ஈரமாக்கிக் கொடுத்தாள். அந்த மரத்து அணில்கள் தங்கள் பரம்பரையில் அப்படி ஒரு விருந்தைக் கண்டதில்லை. ஆசை தீரத் தின்றன. தின்ன முடியாததைக் கொண்டுபோய்க் கரையில் குழி தோண்டிப் புதைத்தன. வாயிலிருந்து நழுவியது வேறு ஈர மண்ணில் சிதறிக் கிடந்தது.

கிளையில் ஒன்றும் முளைக்கவில்லை. தவசியாண்டி தினமும் பொந்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு வாடிய முகத்தோடு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் காலையில் தற்செயலாகக் கீழே பார்த்தான். மரத்தைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று கடலைச் செடி, இலை விரித்துக் கொழுகொழுவென்று நின்றது. அத்தனையும் அவன் விதை.

"ஐயையோ!" என்று தலையில் அடித்துக்கொண்டான். "புள்ளைக எல்லாம் கீழ விழுந்துருச்சே!"

மழைக்காட்டுச் செடி தரையில் நிற்பதைப் பார்த்தால் மேகம் என்ன நினைக்கும்? ஊரே பதறியது. தவசியாண்டி கால் தரையில் படாமல் கயிற்றில் தொங்கியபடி இறங்கி, ஒரு செடி விடாமல் வேரோடு பிடுங்கினான். வேர் அறுந்துவிடாமல் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினான். மேலே கொண்டுபோய்க் கிளைகளில் வரிசையாக நார் வைத்துக் கட்டினார்கள். கட்டி முடித்ததும் அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தால் நமக்கே கண் கலங்கிவிடும்.

மத்தியான வெயிலில் செடியெல்லாம் தலை தொங்கிப்போனது.

"என்னய்யா இப்படிக் கிறங்குதுக?" என்றான் தவசியாண்டி.

சடையப்பன் ஒரு செடியின் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அது மறுபடி கீழே சாய்ந்தது. "உசரம் பழகாத செடி. கீழ பாத்துப் பாத்துத் தலை சுத்தியிருக்கு."

"அப்ப கண்ணக் கட்டிருங்க" என்றார் நாட்டாமை.

கொண்டம்மா யோசிக்கவே இல்லை. கட்டியிருந்த சேலையின் முந்தியை நீளநீளமாகக் கிழித்துக் கொடுத்தாள். செடிக்குக் கண் எந்தப் பக்கம் இருக்கும் என்பதில் வாக்குவாதம் முற்றி, வேர்ப்பக்கம் என்று பாதி ஊரும் நுனிப்பக்கம் என்று பாதி ஊரும் கிளை பிரிந்து உட்கார்ந்தன. நாட்டாமை யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம் என்று, ஒவ்வொரு செடியையும் வேரிலிருந்து நுனிவரை முழுசாகச் சுற்றிக் கட்டச் சொன்னார்.

தவசியாண்டி கிளை கிளையாகப் போய் ஒவ்வொரு துணிப்பொட்டலத்தையும் தட்டிக்கொடுத்தான். "கீழ மட்டும் பாத்துறாதீக, தங்கங்களா. அப்பன் பக்கத்துலதான் இருக்கேன்."